எத்தனையாவது தடவை என்று எழுதிக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில நாட்களுக்கு முன் தங்கள் நெல்லைப் பதிப்பில் ஒரு வாசகர் கடிதம் வந்திருந்தது. 'ஒருமுறை மட்டும்' என்று அச்சிட்ட மருத்துவக் கருவிகளைக் கழுவி இன்னொரு நோயாளிக்குப் போடுகிற ஆஸ்பத்திரிகளை இழுத்துப் பூட்ட வேண்டும் என்று அந்த அன்பர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கருவிகளை இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் என் கையால் கழுவியவள் நான். அதனால் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 1983-இல் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தேன். முதல் எட்டு வருஷம் ஆபரேஷன் தியேட்டர். அதன் பிறகு 2019-இல் ஓய்வு பெறும்வரை சி.எஸ்.எஸ்.டி. என்கிற பிரிவு. வார்டுக்கும் தியேட்டருக்கும் வேண்டிய கருவிகளைக் கழுவி, கட்டி, கிருமி நீக்கி அனுப்புகிற இடம் அது. நோயாளியோ அவரைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்களோ அந்தக் கதவைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் சேர்ந்தபோது டிஸ்போசபிள் என்ற பேச்சே வார்டில் கிடையாது. சிரிஞ்சு கண்ணாடி. ஊசியின் முனை மழுங்கினால் கல்லில் தீட்டுவோம். கையுறையைக் கழுவி, காற்றடைத்து, தண்ணீருக்குள் அமுக்கி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, கொடியில் உலர்த்தி, பவுடர் போட்டு, ஜோடி சேர்த்து டிரம்மில் அடுக்கி, நீராவிச் சூட்டால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் ஏற்றுவோம். மத்தியானம் ஆபரேஷன் கேஸ் இல்லாத நேரத்தில் நர்ஸ்களும் ஆயாம்மாக்களும் தரையில் வட்டமாக உட்கார்ந்து காஸ் துணி மடிப்போம். மேலப்பாளையத்துத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுவார்களே, அந்த மாதிரிதான் இருக்கும். கை பாட்டுக்கு ஓடும், வாய் பாட்டுக்குப் பேசும்.

1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தச் செய்திக்குப் பிறகு எங்கள் தியேட்டர் மாறத் தொடங்கியது. கண்ணாடி போய் பிளாஸ்டிக் வந்தது. ஊசியும் சிரிஞ்சும் ஒருமுறைப் பொருளானது பெரிய நன்மை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் எழுதப்போவதில் ஊசியையும் சிரிஞ்சையும் யாரும் சேர்த்துக்கொள்ள வேண்டாம். குஜராத்தில் மொடாசா என்ற ஊரில் 2009-இல் பழைய சிரிஞ்சுகளைத் திரும்பப் பயன்படுத்தியதால் மஞ்சள் காமாலை பி வகை பரவி எத்தனை பேர் செத்தார்கள் என்பது பத்திரிகைகளில் வந்ததுதான். ஆஸ்பத்திரிக் குப்பையிலிருந்து பொறுக்கிய சிரிஞ்சுகள் அங்கே புதுசு போலக் கடைக்குப் போயிருந்தன. சிரிஞ்சை உபயோகித்த இடத்திலேயே உடைத்துப் போட வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் காரியம் ஊசியோடு நிற்கவில்லை. சதையை மின்சூட்டால் அறுக்கும் டயதர்மி பென்சில், வயிற்றில் துளை போடும் ட்ரோக்கார், தையலுக்குப் பதிலாகப் பின் அடிக்கும் ஸ்டேப்ளர், ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் ப்ரோப், காலில் ரத்தம் கட்டாமல் அமுக்கிவிடும் உறை, உடம்புக்குள் விடும் மெல்லிய குழாயான கதீட்டர், அதற்கு வழிகாட்டும் கைடு ஒயர் என்று வருஷத்துக்கு வருஷம் ஒவ்வொன்றாக அந்தக் குறியோடு வர ஆரம்பித்தது. வட்டத்துக்குள் 2 என்ற எண், அதன் குறுக்கே ஒரு கோடு. இரண்டாம் தடவை கூடாது என்று அர்த்தம். அந்தக் குறியைப் போடுவது தயாரிக்கிற கம்பெனி. ஒரு தடவைக்கு மேல் தாங்குமா என்று சோதித்துக் காட்டும் பொறுப்பு தனக்கு வேண்டாம் என்று கம்பெனி சொல்வதாகத்தான் அதை நாங்கள் எடுத்துக்கொள்வோம். முன்பு பலமுறை உபயோகிக்கலாம் என்று விற்ற சில கருவிகளுக்கே பிற்பாடு இந்தக் குறி விழுந்தது. கருவி அதே கருவிதான்.

ஒரு லேப்ராஸ்கோப் கேஸ் முடிந்து தியேட்டரைத் துடைக்கும்போது அங்கே கட்டி வைத்திருக்கும் சிவப்புப் பையை ஒருநாள் தூக்கிப் பார்க்க வேண்டும். 2016-ஆம் வருஷத்து மருத்துவக் கழிவு விதிப்படி சிவப்புப் பை என்றால் பிளாஸ்டிக்: டியூப், கதீட்டர், யூரின் பை, கையுறை. எரிப்பது மஞ்சள் பையைத்தான். சிவப்புப் பையை எரித்தால் அதில் உள்ள பி.வி.சி.யிலிருந்து டயாக்ஸின் என்ற விஷம் காற்றில் கலக்கும். அதனால் ஆட்டோகிளேவ் போட்டு, துண்டு துண்டாக நறுக்கி, மறுசுழற்சிக்கு அனுப்பச் சொல்கிறது விதி. 

அந்தப் பைகள் வழி மாறினால் என்ன நடக்கும் என்று நம் ஜில்லாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கத்தில் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகு கேரளத்திலிருந்தே லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. நான் வாழ்க்கைப்பட்ட ஊர் அதன் பக்கத்தில் உள்ள சுத்தமல்லி. என் கொழுந்தன் போனில் சொன்னார்: "மதினி, டியூபும் பாட்டிலுமா கெடக்கு. ஆடு வாய் வைக்குது. இதெல்லாம் நீங்க வேல பாத்த எடத்துல உள்ள சாமான்தானே?" ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அன்றைக்கு ஊரே கேரளத்தைத் திட்டியது. நியாயம்தான். ஆனால் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் ஒரு நாளைக்கு எவ்வளவு சிவப்புப் பை நிறைகிறது, அதில் எவ்வளவு நிறையாமலே இருந்திருக்கலாம் என்று அன்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இப்போது நான் கேட்கிறேன்.

கழுவுவது என்றதும் பாத்திரம் தேய்ப்பது போல நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதய ரத்தக்குழாயைப் படம் பிடிக்க உள்ளே விடும் ஒரே ஒரு ஆஞ்சியோ கதீட்டரை எப்படிக் கழுவுவோம் என்று சொல்கிறேன். நீளம் ஒரு மீட்டர். உள்ளே ஓடும் துவாரம் ஒரு மில்லிமீட்டர் அளவு. நோயாளியிடமிருந்து வெளியே எடுத்த கையோடு, ஆஞ்சியோ செய்கிற கேத் லேப் அறையிலேயே, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த சலைனைச் சிரிஞ்சால் உள்ளே பாய்ச்சிவிட வேண்டும். அதைச் செய்யாமல் டிரேயில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் ரத்தம் உள்ளே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் எடுக்க முடியாது. அப்படி வருகிற கதீட்டரைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிடும். நேரே சிவப்புப் பைதான்.

ஒழுங்காக வந்ததை என்சைம் கரைசலில் ஊறப்போடுவோம். கரைசல் கதீட்டருக்குள்ளும் நிறைந்திருக்க வேண்டும். உள்ளே ஒரு காற்றுக் குமிழ் நின்றால் அந்த இடம் மட்டும் ஊறாது. பிறகு வாட்டர் கன்னால் பீய்ச்சி, மறுமுனையில் வெள்ளைக் காஸ் துணியைப் பிடிப்போம். துணியில் கடுகளவு பழுப்பு தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் தடவையும் பழுப்பு வந்தால் அதற்கு மேல் முயற்சி செய்வதில்லை. சுத்தமாக வந்ததைக் கிருமி நீக்கிய தண்ணீரில் அலசி, உள்ளே காற்றடித்து ஈரமில்லாமல் உலர்த்தி, லென்ஸ் வைத்துப் பார்ப்போம்.

என்னோடு வேலை பார்த்த ஆயாம்மா ஒருவர், களக்காட்டுக்காரர், லென்ஸை நம்ப மாட்டார். மெல்லிய கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, கதீட்டரின் முழு நீளத்தையும் விரல் நுனியால் தடவிக்கொண்டே வருவார். ஓர் இடத்தில் நிறுத்துவார். "சிஸ்டர், இங்கன பிசிறு தட்டுது, பாருங்க." அந்த இடத்தில் லென்ஸை வைத்துப் பார்த்தால் பூனை முடி அளவுக்கு ஒரு கீறல் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் வேண்டாம் என்று ஒதுக்கியதை எந்த டாக்டர் கேட்டும் நான் திருப்பி எடுத்ததில்லை. அவருக்குக் கொடுத்த சம்பளத்தை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கதீட்டர் 121 டிகிரி ஆட்டோகிளேவ் சூட்டைத் தாங்காது. அதனால் வாயு போடுவோம். எத்திலீன் ஆக்சைடு, நாங்கள் ஈ.டி.ஓ. என்போம். கிருமியைக் கொல்லும். மனிதருக்குப் புற்றுநோயும் தரும். பிளாஸ்டிக் அந்த வாயுவைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், வாயு போட்டு முடிந்த பிறகு 50 டிகிரிச் சூட்டில் 12 மணி நேரம் காற்றோட்டத்தில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். "சாயங்காலம் கேஸ் இருக்கு சிஸ்டர், எடுத்துக் குடுத்துருங்க" என்று போன் வரும். கொடுக்க மாட்டேன். பிடிவாதக்காரி என்று நிர்வாகத்தில் எனக்குப் பேர்.

இவ்வளவு பிடிவாதமாக இருந்தவளின் கையிலேயே ஒரு தவறு நடந்தது. அதையும் எழுதினால்தான் இந்தக் கடிதத்துக்கு மதிப்பு.

2004 கோடை. குழாய்த் தண்ணீர் சரியாக வராமல் மொட்டைமாடித் தொட்டி அடிமட்டத்துக்குப் போயிருந்தது. கடைசி அலசலுக்கு வைத்திருந்த சுத்தத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஒரு நாள்தானே என்று தொட்டித் தண்ணீரிலேயே அலசினோம். அன்று கம்ப்ரஸரும் மக்கர் செய்ததால் காற்றடித்து உலர்த்தவும் இல்லை. ராத்திரி முழுக்க ஈரத்தோடு கிடந்த கதீட்டர்களை மறுநாள் உறையிலிட்டு வாயு போட்டோம். வாயு பட்டதைக் காட்டும் இன்டிகேட்டர் பட்டை சரியாக நிறம் மாறியிருந்தது. கிருமி செத்ததா என்று பார்க்கும் ஸ்போர் சோதனையிலும் குறை இல்லை. எல்லாம் சரி என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது நான்.

அந்தக் கதீட்டர்களால் ஆஞ்சியோ செய்துகொண்ட மூன்று பேருக்கு, வார்டுக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் நடுக்கம் எடுத்தது. கட்டில் கால் தரையில் தட்டுகிற நடுக்கம். கம்பளி மேல் கம்பளி போட்டோம், நிற்கவில்லை. ஒருவர் பல் கிட்டி நாக்கைக் கடித்துக்கொண்டார். ஊசி மருந்து போட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் மூவருக்கும் அடங்கியது. பிழைத்துக்கொண்டார்கள்.

காரணம் பிறகு புரிந்தது. ஈரத்தில் ராத்திரி முழுக்கப் பெருகிய பாக்டீரியாவை வாயு கொன்றுவிட்டது. ஆனால் செத்த பாக்டீரியாவின் மேலோட்டில் உள்ள நச்சு அப்படியே கதீட்டருக்குள் தங்கியிருந்தது. எண்டோடாக்சின் என்பார்கள். அது நேராக ரத்தத்தில் கலந்தால் குளிர்ஜுரம். கிருமியே இல்லாத கருவியும் ஆளை நடுங்க வைக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அலசுகிற தண்ணீரை மாசாமாசம் சோதனைக்கு அனுப்ப வைத்தேன். உலர்த்தாத பொருளை வாயுவுக்குள் வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினேன்.

ஆனால் அந்த மூன்று பேரிடம் சொன்னது என்ன தெரியுமா? படத்தில் ரத்தக்குழாய் தெரியப் போடும் டை மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று. அதை ஒரு டாக்டர் சொல்லும்போது நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. கழுவிய கதீட்டர் என்பதே அவர்களுக்குத் தெரியாதபோது, கழுவியதில் தவறு நடந்தது என்று எப்படிச் சொல்வது? ஒன்றை மறைத்ததால் அடுத்ததையும் மறைக்க வேண்டியதாயிற்று. அதில் ஒருவர் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த பள்ளிக்கூட வாத்தியார். டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது, ராத்திரி கண் விழித்துப் பார்த்துக்கொண்டதற்காக என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்றுவரை என்னை விடவில்லை.

இத்தனைக்கும் அதே ஆஸ்பத்திரியில், ஒரு மாடி கீழே, டயாலிசிஸ் அறையில் இதே வேலை பட்டப்பகலில் நடந்துகொண்டிருந்தது. டயலைசர் என்பது ரத்தத்தை வடிகட்டுகிற குழல். உள்ளே முடி மாதிரி ஆயிரக்கணக்கான நார்கள். நம் நாட்டில் பல இடங்களில் அதைக் கழுவித்தான் திரும்ப உபயோகிக்கிறார்கள்; அதுவும் அதே நோயாளிக்கு மட்டும். குழலின் மேல் மார்க்கர் பேனாவால் நோயாளியின் பெயர், முதலில் போட்ட தேதி, எத்தனையாவது தடவை எல்லாம் எழுதியிருக்கும். ஒவ்வொரு தடவை கழுவிய பிறகும் உள்ளே எவ்வளவு தண்ணீர் கொள்கிறது என்று அளவு ஜாடியில் ஊற்றிப் பார்ப்பார்கள். புதுசாக இருந்தபோது கொண்டதில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நார்கள் அடைத்துவிட்டன என்று கணக்கு. தூக்கிப் போட வேண்டும். 115 மில்லி கொண்ட குழல் 92-க்குக் கீழே வந்தால் முடிந்தது அதன் ஆயுசு. மஞ்சள் காமாலை பி வகை உள்ளவரின் குழலை மறுபடி போடவே கூடாது. நோயாளிக்கு மாட்டுவதற்கு முன்னால், கழுவிய மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பட்டை வைத்தும் பார்ப்பார்கள்.

முக்கூடலிலிருந்து பஸ் ஏறி வருகிற பீடித் தொழிலாளி அம்மாள் ஒருவர் இருந்தார். படுக்கையில் ஏறுவதற்கு முன் டெக்னீஷியனிடம் கேட்பார்: "எய்யா, எம்பேருதானா போட்டிருக்கு? இன்னிக்கு எத்தனாவது?" அவன் குழலை அவர் முகத்துக்கு நேரே காட்டி, "ஆறாவது, ஆச்சி. அளவு நூத்தி நாலு" என்பான். சரி என்று கையை நீட்டுவார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அந்த ஆச்சிக்கு அவ்வளவும் புரிந்தது. சொன்னால் ஜனங்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று நிர்வாகிகள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ஆச்சி நீட்டிய கைதான் ஞாபகம் வரும்.

இனி என் வீட்டுக் கதை. 2022-இல் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். டாக்டர்கள் நல்லபடியாகப் பார்த்தார்கள், ஸ்டென்ட் வைத்தார்கள், இன்றைக்கும் அவர் காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறார். அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் பில் வந்தது. ஸ்டென்ட் விலையை அரசாங்கம் 2017 பிப்ரவரியில் கட்டுப்படுத்தியது எல்லோருக்கும் தெரியும். அந்த வரி சரியாகவே இருந்தது. அதற்குக் கீழே அடைப்பை விரிக்கும் பலூன் இரண்டு, கைடு ஒயர் இரண்டு, கதீட்டர் மூன்று, எல்லாம் புது விலையில்.

பழக்க தோஷம், கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். கம்பெனிப் பெட்டியில் வருகிற ஒவ்வொரு பொருளோடும் லாட் நம்பர் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை உரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவது வழக்கம். ஸ்டென்டுக்கு ஒட்டியிருந்தது. மற்ற எதற்கும் இல்லை. காலி டப்பாக்களைக் காட்டச் சொன்னேன். ஸ்டென்ட் டப்பா மட்டும் வந்தது. மற்றவை கழிவில் போய்விட்டதாம். கேத் லேப்பில் நின்ற பையனைத் தனியாகக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா, நீங்க இந்த லைன்ல இருந்தவங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

கழுவிய கதீட்டரை என் வீட்டுக்காரருக்குப் போட்டது பற்றி எனக்கு வருத்தம் இல்லை. நானே எத்தனையோ வீட்டுக்காரர்களுக்குக் கழுவிக் கொடுத்தவள். பலூன் விஷயம் வேறு. ஒருமுறை விரிந்த பலூன் பழைய மடிப்புக்குத் திரும்பாது, குறுகிய அடைப்புக்குள் புதுசு போல நுழையாது, அதை மறுபடி போடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். அதை விடுங்கள். கழுவிய பொருளுக்குப் புதுப் பொருளின் விலையை வாங்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கழுவினால் செலவு குறைகிறது என்பதுதானே கழுவுவதற்கே காரணம்? அந்தக் குறைந்த செலவு நோயாளிக்குப் போகவில்லை. கடன் வாங்கிக் கட்டியவர்களும் அந்தக் கவுண்டரில் என்னோடுதான் நின்றார்கள். இதற்கு திருட்டு என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

இழுத்துப் பூட்ட வேண்டும் என்று எழுதிய அன்பருக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் இதை மூடி மறைக்கவில்லை. 2000-ஆம் வருஷத்தில் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், ஒருமுறைக் கருவியைப் பதப்படுத்தி மறுபடி கொடுக்கிறவருக்கும் புதிதாகத் தயாரிப்பவருக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு என்று அறிவித்தது. 2002-இல் சட்டமே வந்தது. யார் பதப்படுத்தியது என்ற பெயர் தெரிய வேண்டும், சில கருவிகளுக்கு அது கழுவி வேலை செய்யும் என்று சோதனை முடிவுகளைக் கொடுக்க வேண்டும். 2008-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்துவிட்டு, இப்படிப் பதப்படுத்திய கருவிகளால் கூடுதல் ஆபத்து என்பதற்குத் தங்களிடம் சான்று இல்லை என்றது. ஐரோப்பாவில் 2017-ஆம் வருஷத்து மருத்துவக் கருவிச் சட்டம் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அந்தந்த நாடு அனுமதித்தால், கடுமையான நிபந்தனைகளோடு செய்யலாம். ஜெர்மனி அதற்கு முன்பிருந்தே அனுமதிக்கிறது.

புதுசு என்றாலே நல்லது என்ற எண்ணத்துக்கும் ஒரு அனுபவம் உண்டு. பைத்தியமாட்டு நோய் பயத்தில் இங்கிலாந்தில் 2001 தொடக்கத்தில் டான்சில் ஆபரேஷனுக்கு ஒருமுறைக் கருவிகளைத்தான் உபயோகிக்க வேண்டும் என்றார்கள். அந்த நோயைத் தரும் பிரியான் என்ற புரதம் வழக்கமான ஆட்டோகிளேவுக்கு அடங்காதது என்பதால் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் புதுக் கருவிகளால் ரத்தப்போக்கு அதிகமாகி, அந்த வருஷக் கடைசியிலேயே பழைய எஃகுக் கருவிகளுக்குத் திரும்பினார்கள். எங்கள் தியேட்டரில் ஈ.என்.டி. டாக்டர் இதைச் சொல்லிச் சொல்லியே தன் பழைய டான்சில் செட்டைத் தூர எறிய விடமாட்டார்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் நம் திருநெல்வேலியிலும் இருக்கிறது. வெளிநாட்டில் ஒரே ஆபரேஷனோடு குப்பைக்குப் போகிற எத்தனையோ பொருட்களை அங்கே கிருமி நீக்கித் திரும்ப உபயோகிக்கிறார்கள். இதை 2017-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து பார்த்தது. ஃபேகோ என்கிற அல்ட்ராசவுண்டு முறையில் செய்யும் ஒரு கண்புரை ஆபரேஷனால் அங்கே காற்றில் கலக்கிற கரியமில வாயு சுமார் 6 கிலோ. இங்கிலாந்தில் சுமார் 130 கிலோ. குப்பை ஒரு கேஸுக்குக் கால் கிலோ. கண்ணில் சீழ் பிடிக்கும் விகிதமும் உலகத்தின் நல்ல ஆஸ்பத்திரிகளில் உள்ளதைவிட அதிகமில்லை. நம் ஆச்சிமாரும் அண்ணாச்சிமாரும் பச்சைத் துணி கட்டிய கண்ணோடு பஸ் ஏறிப் போனது அங்கிருந்துதான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விதி இருக்கிறது, அரவிந்தில் ஒழுங்கு இருக்கிறது. மற்ற இடங்களில் நம்மிடம் இரண்டும் இல்லாமல் கழுவல் மட்டும் நடக்கிறது.

2017-இல் வந்த நம் நாட்டு மருத்துவக் கருவி விதிகள் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை பற்றி விரிவாகப் பேசுகின்றன. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் கழுவுகிற என்னைப் போன்றவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. சட்டம் வருவதற்கு வருஷம் ஆகலாம். ஆனால் நம் மாநிலத்தில் தனியார் ஆஸ்பத்திரிகளைப் பதிவு செய்ய 1997-ஆம் வருஷச் சட்டமும் 2018-இல் வந்த விதிகளும் இருக்கின்றன. பதிவுக்காக ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் வரவேற்பறையையும் படுக்கைகளையும் எண்ணிவிட்டுப் போகாமல் சி.எஸ்.எஸ்.டி. கதவைத் திறக்கச் சொல்லட்டும். அலசுகிற தண்ணீரின் சோதனைச் சீட்டைக் கேட்கட்டும். வாயு போட்ட பிறகு எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்ற பதிவைக் கேட்கட்டும். கழுவுகிற ஆயாம்மாவுக்கு என்ன பயிற்சி, என்ன சம்பளம் என்று அவரிடமே கேட்கட்டும். எதைக் கழுவலாம், எதைத் தொடவே கூடாது என்ற பட்டியலை சுகாதாரத் துறை தமிழில் அச்சடித்து ஒவ்வொரு தியேட்டரிலும் ஒட்டட்டும். விரலில் மாட்டும் ப்ரோபும் கால் உறையும் ரத்தத்தைத் தொடாதவை. அதிலிருந்து ஆரம்பித்தாலே சிவப்புப் பையின் கனம் குறையும்.

நோயாளிக்கு ஒன்றே ஒன்று வேண்டும். ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்கும் தாளில், இந்தக் கருவி புதியதா, பதப்படுத்தியதா, எத்தனையாவது தடவை என்று ஒரு வரி. பில்லில் அதற்கேற்ற விலை. அந்த ஆச்சியின் டயலைசர் மேல் மார்க்கர் பேனாவால் எழுத முடிந்ததைக் கேத் லேப் பில்லில் கம்ப்யூட்டரால் அச்சிட முடியாதா?

கருவி வாரியாக நம்பர், உபயோகித்த தேதி, எத்தனையாவது தடவை, அலசிய தண்ணீர், வாயுவில் வைத்த நேரம், எடுத்த நேரம், கழுவியவர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து, நோயாளிக்குத் தெரிவித்தவர் கையெழுத்து என்று கட்டம் போட்ட ஒரு பதிவேட்டுப் படிவம் என்னிடம் இருக்கிறது. கடைசிக் கட்டத்தை நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்த்தேன். ஏதாவது ஆஸ்பத்திரி கேட்டால் பிரதி எடுத்து அனுப்புகிறேன். நேரில் வந்து சொல்லித்தரவும் தயார், பணம் வேண்டாம். முகவரி தங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். பெயரை மட்டும் அச்சிட வேண்டாம். என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் இன்னும் அதே இடத்தில் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
மகாராஜநகர், பாளையங்கோட்டை.